விழுந்த விளையாட்டு எழுந்த கதை

(மூன்றாமாண்டு மாணவன், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பிரிவு)



"மலருக்கு டெக்னிக்கலா ஏதாவது எழுதிக் குடுடா. கவிதை மட்டும் வேண்டாம், அது நாப்பது வந்தாச்சு" என்று மலர்க் குழுச் செயலாளர் கேன்டீன் வாசலில் என்னைப் பிடித்துக் கொண்டான். லஸ்ஸிலிருந்து அடையாறு வரை 29சி பஸ்ஸில் தொங்கிக்கொண்டே யோசித்ததில் கிடைத்த தலைப்பு இது. கம்ப்யூட்டர் கேம் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். "அரியர் வாங்குவது எப்படின்னு கட்டுரையா?" என்று ஒருவன் கேட்டான். இல்லை நண்பர்களே. இது ரிப்பேர் பற்றிய கட்டுரை. நாம் எல்லோரும் நாளை செய்யப் போகிற வேலை அதுதான்.

முதலாமாண்டு ஒயரிங் பிராக்டிகலில் எங்கள் இன்ஸ்ட்ரக்டர் சார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஃபியூஸ் போச்சுன்னா புது ஃபியூஸ் போட யாராலும் முடியும். ஏன் போச்சுன்னு கண்டுபிடிக்கத்தான் உங்களுக்கு டிப்ளமோ குடுக்கறாங்க." அன்று அது பெரிதாகத் தெரியவில்லை. உலகத்தின் பெரிய கேம் கம்பெனி ஒன்று ஃபியூஸை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் ஷார்ட் சர்க்யூட் எங்கே என்று கண்டுபிடித்த கதையைப் படித்த பிறகுதான் புரிந்தது. அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

அது என்ன கேம்?

கேமின் பெயர் டயாப்லோ. ஸ்பானிஷ் மொழியில் சாத்தான் என்று அர்த்தம். தயாரித்தவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட். முதல் பாகம் 1996 கடைசியில் வந்தது, இரண்டாம் பாகம் 2000 ஜூன் மாதம். நாம் பார்க்கப் போவது மூன்றாம் பாகம். அது 2012 மே 15 அன்று வெளிவந்தது.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே இருட்டு, சுடுகாடு, பாழடைந்த கோயில், பாதாளக் குகை. நீங்கள் ஒரு வீரனையோ மந்திரவாதியையோ தேர்ந்தெடுத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறீர்கள். பிசாசுகள் கூட்டம் கூட்டமாக வரும். அடித்தால் அவை செத்து விழும்போது கத்தி, கேடயம், தொப்பி, மோதிரம் என்று ஏதாவது கீழே சிதறும். எதில் என்ன சக்தி இருக்கும் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் முடிவு செய்யும். நல்லது கிடைத்தால் மாட்டிக்கொண்டு இன்னும் பலமான பிசாசைத் தேடிப் போகலாம். மொத்தக் கேமும் இந்த ஒரு வட்டம்தான்: அடி, எடு, மாட்டு, மறுபடி அடி.

"இதுல என்னடா இருக்கு?" என்று கேட்பீர்கள். லஸ் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகக் குவியலைக் கிளறிப் பார்த்திருக்கிறீர்களா? நூறு புத்தகம் தள்ளினால் ஒன்று மாட்டும். அந்த ஒன்றுக்காகத்தான் வெயிலில் உட்கார்ந்து கிளறுகிறோம். டயாப்லோவின் ருசியும் அதேதான். இந்த உதாரணத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மந்தவெளி வீட்டில் 2012

கேம் வந்தபோது நான் ஒண்ணாம் வகுப்பு முடித்திருந்தேன். கோடை விடுமுறைக்கு மந்தவெளியில் பெரியப்பா வீட்டில் இருந்தேன். பெரியப்பா மகன், என் அண்ணன், அப்போது இன்ஜினியரிங் படித்துக் கொண்டிருந்தார். இரண்டாம் பாகத்தைப் பன்னிரண்டு வருஷம் விளையாடித் தேய்த்தவர்களில் அவரும் ஒருவர். துபாயிலிருந்து வந்த சித்தப்பா மூன்றாம் பாகத்தின் பெட்டியை வாங்கி வந்து கொடுத்தார். அண்ணா அதைப் பிரித்தது, சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பிரித்த மாதிரிதான் எனக்கு ஞாபகம்.

இன்ஸ்டால் ஆனது, பாஸ்வேர்டும் போட்டார். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. சர்வர் பிஸியாக இருக்கிறது, பிறகு முயற்சிக்கவும், எரர் 37. அவ்வளவுதான். சாயந்திரம் முயற்சித்தார், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் முயற்சித்தார். எரர் 37. "என்னடா இது, பேங்க்ல வரிசைல நிக்கற மாதிரி இருக்கே" என்றார் பெரியப்பா.

மந்தவெளியில் மட்டும் இல்லை, உலகம் முழுக்க இதே கதைதான். முதல் 24 மணி நேரத்தில் 35 லட்சம் பிரதிகள் விற்றிருந்தன. முதல் வாரத்தில் 63 லட்சம் பேர் கைக்குப் போய்விட்டது. அதுவரை பிசி கேம்களில் அவ்வளவு வேகமாக எதுவும் விற்றதில்லை. ஆனால் சர்வர் அத்தனை பேரைத் தாங்கவில்லை. தென் கொரியாவில் வாங்கியவர்கள் புகார் கொடுத்ததில், அந்நாட்டு நியாய வணிகக் கமிஷன் பிளிசார்டின் கொரிய அலுவலகத்தில் சோதனையே நடத்தியது. பிறகு அங்கே பணத்தைத் திருப்பித் தரக் கம்பெனி முன்வந்தது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இந்த மூன்றாம் பாகத்தைத் தனியாக விளையாடினாலும் இன்டர்நெட் இருந்தே ஆக வேண்டும். பிசாசு எங்கே நிற்கிறது, என்ன பொருள் விழுகிறது என்பதையெல்லாம் கடல் கடந்து இருக்கும் சர்வர்தான் முடிவு செய்யும். திருட்டுப் பிரதியைத் தடுக்கவும், ஏமாற்று வேலையைத் தடுக்கவும் அப்படிச் செய்தார்கள்.

நம்ம ஊர் நிலைமை என்ன? 2012-இல் சென்னையில் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு. அண்ணாவின் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருந்தது, மோடத்துக்கு இல்லை! கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், நெட் செத்துவிடும், கேம் வெளியே தள்ளிவிடும். பிறகு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து மோடத்தையும் யூபிஎஸ்ஸில் மாட்டினார். நான் பார்த்த முதல் 'ட்ரபிள் ஷூட்டிங்' அதுதான். இந்த கேமில் 'ஹார்ட்கோர்' என்று ஒரு முறை உண்டு. அதில் உங்கள் வீரன் ஒரு தடவை செத்தால் செத்ததுதான், திரும்ப வர மாட்டான். அண்ணாவின் ஹார்ட்கோர் வீரனைக் கொன்றது பிசாசு இல்லை, மின்வெட்டு! எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வந்தது அதற்கு அடுத்த நாள்.

ஏலக்கடை

சர்வர் பிரச்சினையைச் சில நாட்களில் ஓரளவு சரி செய்துவிட்டார்கள். ஆனால் கேமுக்குள் இருந்த வியாதி வேறு, அது வெளியே தெரியப் பல வாரம் ஆனது.

இரண்டாம் பாகத்தில் ஆட்டக்காரர்கள் அபூர்வப் பொருட்களைத் தங்களுக்குள் பண்டமாற்று செய்து கொண்டார்கள். நாளடைவில் வெளி வெப்சைட்டுகளில் நிஜப் பணத்துக்கு விற்பனை ஆரம்பமானது. அதில் கள்ளப் பிரதிப் பொருட்களும் மோசடியும் புகுந்தன. இதைப் பார்த்த கம்பெனி, "எப்படியும் விற்கப் போகிறார்கள், நாமே பாதுகாப்பாக ஒரு கடை வைத்துக் கொடுத்துவிடலாம்" என்று முடிவு செய்து, மூன்றாம் பாகத்துக்குள்ளேயே ஓர் ஏலக்கடையைத் திறந்தது. கேமுக்குள் கிடைக்கும் தங்கத்துக்கு விற்க ஒரு கடை. 2012 ஜூன் 12 முதல் அமெரிக்க வட்டாரத்தில் நிஜ டாலருக்கு விற்க இன்னொரு கடை. டாலர் கடையில் ஒரு பொருளுக்கு அதிகபட்ச விலை 250 டாலர். ஒவ்வொரு ஆயுதமோ கவசமோ விற்றால் கம்பெனிக்கு ஒரு டாலர் கமிஷன்.

எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் நடந்தது என்ன?

உங்களுக்கு விழும் பொருள் உங்கள் ஒருவருடைய அதிர்ஷ்டம். கடையில் இருப்பதோ லட்சக்கணக்கான பேருடைய அதிர்ஷ்டத்தின் குவியல். இந்த இரண்டும் போட்டி போட்டால் எது ஜெயிக்கும்? நீங்கள் பத்து மணி நேரம் பிசாசு அடித்து ஒரு கத்தி எடுத்தால், அதைவிட நல்ல கத்தி கடையில் சல்லிக் காசுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். பொருட்கள் தேய்ந்து மறைவதும் இல்லை. ஒருவர் கழித்துப் போட்டதை அடுத்தவர் வாங்குவார். ஆகவே கடையில் சரக்கு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். கீழே விழுவதைத் தாராளமாக்கலாம் என்றால் கடை இன்னும் குப்பையாகும். அதனால் விழுவது கஞ்சத்தனமாகவே இருக்க வேண்டியதாயிற்று.

இப்போது லஸ் புத்தகக் குவியலுக்கு வாருங்கள். அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே ஒரு கவுன்டர் திறந்து, ஊரில் உள்ள எந்தப் பழைய புத்தகத்தைக் கேட்டாலும் இரண்டு ரூபாய்க்கு எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். யாராவது குவியலைக் கிளறுவார்களா? புத்தகம் கிடைப்பது சுலபமாகிவிட்டது, ஆனால் கிளறுகிற சந்தோஷம் போய்விட்டது. டயாப்லோவுக்கு அந்தச் சந்தோஷத்தைத் தவிர வேறு சரக்கு கிடையாது!

அண்ணாவும் அப்படித்தான் ஆனார். முதலில் தினம் மூன்று மணி நேரம் பிசாசு அடித்தவர், ஜூலையில் ஒரு மணி நேரம் ஏலக்கடையில் விலைப் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்னடா, கேம்னு சொன்ன, ரங்கநாதன் தெருல கடை கடையா ஏறி இறங்கற மாதிரி இருக்கே!" என்றார். வியாதியைச் சரியாகக் கண்டுபிடித்த முதல் ஆள் எங்கள் பெரியம்மாதான் என்பது என் தாழ்மையான கருத்து.

ஃபியூஸ் மாற்றிய காலம்

கம்பெனி சும்மா இருக்கவில்லை. வெளியான பிறகு கேமில் செய்யும் திருத்தத்துக்கு 'பேட்ச்' என்று பெயர். கிழிந்த சட்டைக்குப் போடும் ஒட்டு மாதிரி. பேட்ச் மேல் பேட்ச் வந்தது.

கேமின் கடைசிக் கடின நிலையான 'இன்ஃபெர்னோ'வில் ஒரே அடியில் சாகிறோம் என்று புகார் வந்தது. 2012 ஜூனில் வந்த 1.0.3 பேட்சில் பிசாசுகளின் அடியைக் குறைத்தார்கள். அறுபதாம் லெவலுக்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். ஆகஸ்டில் 1.0.4 வந்தது, 'பாரகான்' என்று மேலும் நூறு லெவல் சேர்ந்தது. கடினத்தை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். அக்டோபரில் 1.0.5 வந்தது, பிசாசுகளின் பலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெகுலேட்டர் கிடைத்தது. எல்லாமே நல்ல திருத்தங்கள்தான். ஆனால் ஒவ்வொரு பேட்சுக்குப் பிறகும் கொஞ்ச நாள் உற்சாகம், மறுபடி அதே அலுப்பு. ஃபியூஸ் போட்டால் எரிகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி போகிறது. அப்படியென்றால் ஷார்ட் வேறு எங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இங்கே நம் பிரிவு நண்பர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 2013 மே மாதம் 1.0.8 பேட்சில், ஏலக்கடையில் தங்கத்தை விற்கும் கட்டு ஒன்றின் அளவைப் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தினார்கள். பார்த்தால் ஒரு எண்ணை மாற்றியது, அவ்வளவுதான். ஆனால் மொத்தத் தொகை இரண்டின் அடுக்கு 31-ஐத் தாண்டியபோது விபரீதம் ஆனது. 32 பிட் எண்ணில் பிளஸ், மைனஸ் இரண்டையும் வைத்தால் அதிகபட்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் எழுத முடியும். டர்போ சி-யில் 32,767-ஐத் தாண்டினால் விடை மைனஸுக்குப் போய் நம்மை முழிக்க வைக்குமே, அதன் பெரிய அண்ணன் இது! அந்த அளவுக்கு மேல் தங்கத்தை விற்பனைக்கு வைத்துவிட்டு ரத்து செய்தால், வைத்ததைவிட அதிகத் தங்கம் திரும்பி வந்தது. சிலர் கோடி கோடியாகத் தங்கம் உற்பத்தி செய்துவிட்டார்கள். ஏலக்கடையை அவசரமாக மூடி, கணக்குகளைத் தணிக்கை செய்து, பிறகுதான் திறந்தார்கள். அடுத்த தடவை லேப் ரெக்கார்டில் 'டேட்டா டைப்' பற்றி எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ட் எங்கே என்று தெரிந்தது

ஏலக்கடைதான் வியாதி என்பது உள்ளே இருந்தவர்களுக்கும் புரிய ஆரம்பித்திருந்தது. கேமின் முதல் டைரக்டர் ஜே வில்சன், அந்தப் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 2013 மார்ச்சில் கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஏலக்கடை கேமைக் கெடுத்துவிட்டது என்றார். ஆனால் தினமும் லட்சக்கணக்கானோர் பயன்படுத்துவதைத் திடீரென்று மூட முடியவில்லை என்பதுதான் அப்போதைய சங்கடம்.

அந்த நேரத்தில் பக்கத்து அறையில் ஒரு பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. டிவியில் மாட்டி விளையாடும் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகளுக்காக இதே கேமை ஜோஷ் மொஸ்கீரா என்பவர் தலைமையில் ஒரு சிறு குழு மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிகளில் ஏலக்கடை வைக்கவில்லை. கடை இல்லையென்றால் பொருள் எங்கிருந்து வரும்? பிசாசிடமிருந்துதான் வர வேண்டும். ஆகவே விழும் பொருட்களின் எண்ணிக்கையைக் குறைத்து, தரத்தைக் கூட்டினார்கள். இன்டர்நெட் இல்லாமலும் விளையாடலாம். நான்கு பேர் ஒரே சோபாவில் உட்கார்ந்தும் விளையாடலாம். 2013 செப்டம்பர் 3 அன்று அது வெளிவந்தது. விளையாடியவர்கள், "இதுதான்யா டயாப்லோ!" என்றார்கள்.

லேபில் நாம் என்ன செய்கிறோம்? ஒரே சர்க்யூட்டை இரண்டு விதமாகப் போட்டு, ஒரு பாகத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்கிறோம். விளக்கு எரிந்தால், எடுத்த பாகத்தில்தான் கோளாறு. அதே பரிசோதனை இங்கே தானாக நடந்துவிட்டது. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 17 அன்று, கம்பெனி அறிவித்தது: பிசியிலும் இரண்டு ஏலக்கடைகளையும் மூடப் போகிறோம், பிசாசை அடித்து நல்ல பொருளை எடுப்பதுதான் இந்த கேமின் உயிர், கடை அதையே குலைக்கிறது. மொஸ்கீராதான் மொத்த கேமுக்கும் புது டைரக்டர்.

வந்துகொண்டிருந்த கமிஷனைத் தாங்களே நிறுத்திக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். புதிதாகச் சேர்ப்பது சுலபம். 'இதோ ஒரு ஃபீச்சர், அதோ ஒரு ஃபீச்சர்' என்று விளம்பரம் செய்யலாம். நாமே ஆசையாகக் கட்டியதை, காசு வருவதை, தப்பு என்று ஒப்புக்கொண்டு இடிப்பதற்குத் தனி மனம் வேண்டும்.

மருந்து

கடையை மட்டும் மூடினால் போதாது, கடை செய்த வேலையைக் கேமே செய்ய வேண்டும். அதற்காக 2014 பிப்ரவரி 25 அன்று 2.0.1 பேட்ச் வந்தது. 'லூட் 2.0' என்று அதற்குச் செல்லப் பெயர்.

முன்பெல்லாம் நீங்கள் மந்திரவாதியாக இருந்தால், உங்களுக்குத் தேவை புத்தி. விழுவதோ பலசாலிக்கான கவசம். கண் டாக்டரிடம் போனால் காதுக்கு மெஷின் கொடுப்பது மாதிரி! புதிய முறையில், யார் விளையாடுகிறாரோ அவருக்குப் பொருந்துகிற மாதிரி பொருட்கள் பெரும்பாலும் விழும். எண்ணிக்கை குறைவு, தரம் அதிகம். ஆரஞ்சு நிறத்தில் மின்னும் 'லெஜண்டரி' பொருட்கள் வெறும் எண்ணைக் கூட்டுவதோடு நிற்காமல், நீங்கள் சண்டை போடும் முறையையே மாற்றும்படி திருத்தப்பட்டன. கடின நிலைகளும் மாறின. இன்ன இடத்தை எட்டினால்தான் அடுத்த நிலை என்ற கட்டாயம் தளர்ந்து, உங்கள் வளர்ச்சிக்கு ஏற்பப் பிசாசும் வளர்ந்தது.

மார்ச் 18 அன்று ஏலக்கடை மூடப்பட்டது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 25 அன்று 'ரீப்பர் ஆஃப் சோல்ஸ்' என்ற கூடுதல் பாகம் வந்தது. அதில் ஐந்தாம் அங்கமும் குருசேடர் என்ற புது வீரனும் உண்டு. அவற்றைவிட முக்கியம் 'அட்வென்ச்சர் மோட்'. அதுவரை அதே கதையைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இனி கதையை ஒருமுறை முடித்தால் போதும், எந்த இடத்துக்கும் நேராகப் போய் வேட்டையாடலாம். அந்த ஆகஸ்டில் 'சீசன்' முறை வந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை எல்லோரும் வெறுங்கையோடு ஒன்றாம் லெவலிலிருந்து போட்டியைத் தொடங்கலாம். 2015 ஆகஸ்டில் வந்த 'கனாய்ஸ் கியூப்' என்ற பெட்டியில், உங்களுக்குப் பயன்படாத லெஜண்டரியைப் போட்டு அதன் சக்தியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். விழுந்தது எதுவும் வீண் இல்லை என்றானது. அந்த 2015-இல் மொத்த விற்பனை மூன்று கோடியைத் தாண்டியது.

அண்ணா அதற்குள் வேலையில் சேர்ந்திருந்தார். 2014 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டி மறுபடி ஆரம்பித்தார். நான் பக்கத்தில். ஒரு மணி நேரத்தில் ஆரஞ்சு ஒளி ஒன்று கீழே விழுந்தது. "டேய்! டேய்! இங்க பாருடா!" என்று அவர் கத்திய சத்தத்தில் பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் அந்தக் கேமுக்காகக் கேட்ட முதல் சந்தோஷச் சத்தம் அது.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடையோடு சேர்த்துப் பண்டமாற்றும் ஏறக்குறைய போய்விட்டது. லெஜண்டரி பொருளை, அது விழுந்தபோது கூட விளையாடியவருக்கு மட்டும், இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். மற்றபடி நண்பனுக்குப் பரிசாகக்கூடக் கொடுக்க முடியாது. பேரம் பேசி வாங்குவதில் ருசி கண்டவர்களுக்கு அது வருத்தம்தான். பிசியில் இன்டர்நெட் கட்டாயம் என்பதும் மாறவே இல்லை. எந்த ரிப்பேருக்கும் ஒரு விலை உண்டு.

இன்னொன்று, கற்ற பாடம் மறந்தும் போகும். நான்காம் பாகம் 2023 ஜூனில் வந்தது. ஐந்தே நாளில் 66 கோடியே 60 லட்சம் டாலர் விற்பனை. ஆனால் அடுத்த மாதமே ஒரு பேட்சில் ஆட்டக்காரர்களின் பலத்தைத் தாறுமாறாகக் குறைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பிறகு நேரலையில் வந்து, இனி இப்படிப் பேட்ச் போட மாட்டோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. விழும் பொருட்களும் குவியலாக விழுந்தன. ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட நிபந்தனைகள். படித்துப் பார்த்துக் கழிப்பதே வேலையாக இருந்தது. 2024 மே மாதம் நான்காம் சீசனில்தான் அதைச் சுருக்கிச் சீராக்கினார்கள். மறுபடியும் மருந்து அதேதான்: குறைவாக, ஆனால் தரமாக.

நம்ம கேன்டீன் டோக்கன்

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விலாவாரியாக எழுதினேன்? காரணம் சொந்த அனுபவம்.

கேன்டீன் டோக்கன் சாஃப்ட்வேர் ஞாபகம் இருக்கிறதா? அதை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருவன். எங்கள் புராஜெக்ட் அது. திறந்த முதல் நாள் பதினைந்து நிமிட இன்டர்வெல்லில் வரிசை டிராயிங் ஹால் வரை போனது. பெல் அடித்தபோது பாதிப் பேர் வெறும் வயிற்றோடு திரும்பினார்கள். எங்களைத் திட்டியவர்கள் திட்டியது நியாயம்தான். நாங்கள் என்ன செய்தோம்? பிரின்டர் மெதுவாக இருக்கிறது என்று வேறு பிரின்டர் கடன் வாங்கினோம். மெனுவைத் தமிழில் போட்டோம். பட்டன்களைப் பெரிதாக்கினோம். வரிசை அப்படியேதான் இருந்தது. ஃபியூஸ் மேல் ஃபியூஸ்!

ஒருநாள் முதலாமாண்டுத் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, எனக்கு வேண்டியது ஒரு சமோசா. அதுக்கு எதுக்கு என் ரிஜிஸ்டர் நம்பர்?"

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரிஜிஸ்டர் நம்பரைக் கேட்டது சாப்பிடுகிறவர்களுக்காக இல்லை. யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று மாதாந்திர ரிப்போர்ட் போட்டுக் காட்டினால் வைவாவில் பெரிதாகத் தெரியுமே என்று எங்களுக்காக வைத்தது. அதுதான் எங்கள் ஏலக்கடை! அந்த ரிப்போர்ட் பகுதியை எழுதியவன் நான். இருபது நாள் ராத்திரி கண் விழித்து எழுதியது. அதை எடுத்துவிடலாம் என்று நண்பன் சொன்னபோது அவனோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. அந்த இரண்டு நாளில்தான் அண்ணாவுக்குப் போன் செய்தேன். அவர் இந்த டயாப்லோ கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, "உங்க சாஃப்ட்வேர் எதுக்குடா இருக்கு? ரிப்போர்ட் போடவா, சமோசா குடுக்கவா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் எடுத்துவிட்டோம். வரிசை வாசலோடு நின்றது.

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டார், "ரிப்போர்ட் மாட்யூல் எங்கே?" "எடுத்துட்டோம் சார்." "ஏன்?" சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மார்க் எவ்வளவு என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆனால் இப்போது இன்டர்வெல் முடியும் முன் எல்லோரும் சமோசா சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள்.

முடிவாக

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் கிண்டி எஸ்டேட்டில் மெஷின் பார்ப்போம், சிலர் பழைய மகாபலிபுரம் சாலையில் சாஃப்ட்வேர் எழுதுவோம், சிலர் சொந்தமாகக் கடை வைப்போம். எங்கே போனாலும் நாம் செய்து கொடுத்த பொருள் முதல் நாளே சரியாக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓடாவிட்டால் வெட்கப்பட்டு ஓடவும் வேண்டாம். உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்தப் பொருள் எதற்காக இருக்கிறது? அதற்குக் குறுக்கே நிற்பது எது? குறுக்கே நிற்பது நான் ஆசையாக வைத்ததாக இருந்தாலும் எடுத்துவிட எனக்குத் தைரியம் இருக்கிறதா?

மூன்றாவது கேள்விதான் கஷ்டம். ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்கிற அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆனது. எனக்கு இரண்டு நாள் ஆனது, அதுவும் அண்ணாவிடம் திட்டு வாங்கிய பிறகு!